ஹட்டன் ஆபீஸில் மெயில் சர்வர் இழுக்கிறது: புதிய சர்வர் வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

சிங்கமலை | 27ஆம் திகதி, காலை 11.20

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் ஒரு தோட்ட நிறுவனத்தின் பிராந்திய ஆபீஸில் கணினிப் பொறுப்பு என்னுடையது. மொத்தம் 38 கணினிகள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவு), கொழுந்துக் கணக்கு, தொழிற்சாலை அறிக்கை எல்லாம் மெயிலில்தான் வருகின்றன.

சர்வர் ஆபீஸுக்குள்ளேயே இருக்கிறது. டெபியன் 11 (லினக்ஸ்), மெயிலை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ், இன்பாக்ஸுக்கு டவ்காட், நடுவில் மெயிலைச் சோதிக்க அமாவிஸ், அதோடு வைரஸ் பார்க்கக் கிளாம்ஏவியும் குப்பை மெயில் பார்க்க ஸ்பாம்அசாசினும். 16 ஜிபி மெமரி, நான்கு டிஸ்க், அவை ரெய்டு 5 முறையில் ஒன்றாக (ஒன்று கெட்டாலும் தரவு தொலையாது).

மூன்று மாதமாகவே மெயில் மெதுவாகத்தான் போகிறது. அவுட்லுக்கில் அனுப்பு பொத்தானை அழுத்தினால் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிடும். அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம். காலை எட்டரையிலிருந்து பத்து வரை சொல்லவே வேண்டாம். மாதம் 7, 8, 9ஆம் திகதிகளில் இன்னும் மோசம். 10ஆம் திகதி சம்பளம் என்பதால் அந்த நாட்களில் எல்லாத் தோட்டங்களும் ஒரே நேரத்தில் கணக்கு அனுப்பும். போன மாதம் ஒரு தோட்டத்துச் செக்ரோல் இரவு வரை வந்து சேரவில்லை. கிளார்க்கர் கடைசி பஸ்ஸில் பென்டிரைவை எடுத்துக்கொண்டு வந்தார்.

இன்டர்நெட் வேகம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. சர்வரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன், பயன் இல்லை. மேலிடத்தில் புதிய சர்வருக்கு விலை கேட்கச் சொல்லிவிட்டார்கள். வாங்கிய பிறகும் இப்படியே இருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. எங்கே இருந்து தொடங்கலாம்?


கொழுந்துக்கூடை | 27ஆம் திகதி, பகல் 12.05

தம்பி, சொந்தச் சர்வர் வைத்துக் கஷ்டப்படாதீர்கள். மாதக் கட்டணம் கட்டி கிளவுடுக்கு மாற்றுங்கள். பண்டாரவளையில் எங்கள் ஆபீஸை அப்படித்தான் மாற்றினோம். பேக்அப் கவலை, டிஸ்க் கவலை எதுவும் இல்லை.


தூவானம் | 27ஆம் திகதி, மாலை 6.40

கிளவுடா சர்வரா என்பதைப் பிறகு பேசலாம். நோய் என்னவென்று தெரியாமல் வீடு மாறினால் நோயும் கூடவே வரும். முதலில் மெதுவாக இருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள். அனுப்புவதா? வருவதா? இன்பாக்ஸைத் திறப்பதா? மூன்றும் மூன்று வேறு இடங்கள்.

இன்று ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு கணினியிலிருந்து டெல்நெட் கட்டளை வழியாகச் சர்வரின் 25ஆம் போர்ட்டை (மெயில் வாங்கும் வாசல்) தொடுங்கள். 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வர எத்தனை நொடி ஆகிறது? கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். அதையே சர்வருக்கு உள்ளிருந்தும் செய்து பாருங்கள்.


சிங்கமலை | 28ஆம் திகதி, காலை 9.15

அண்ணா, செய்து பார்த்தேன். சர்வருக்கு உள்ளிருந்து தொட்டால் உடனே வருகிறது. கணினிகளிலிருந்து தொட்டால் 5 நொடி. நாலு கணினியில் பார்த்தேன், நாலிலும் 5 நொடி. பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு. மதியம் பார்த்தாலும் இதே 5தான்.


தூவானம் | 28ஆம் திகதி, காலை 9.50

அந்த 5 தான் கைகாட்டி. வயரோ டிஸ்க்கோ கெட்டிருந்தால் ஒரு நேரம் 3, ஒரு நேரம் 8, ஒரு நேரம் 20 என்று அலையும். எப்போது பார்த்தாலும் அச்சடித்தது போல 5 வருகிறது என்றால் யாரோ எதற்கோ காத்திருந்து கைவிடுகிறார்கள் என்று அர்த்தம். லினக்ஸில் ஒரு டிஎன்எஸ் சர்வர் (பெயரையும் முகவரியையும் பொருத்திச் சொல்வது) பதில் சொல்லாவிட்டால் வழக்கமாக 5 நொடி காத்திருந்துதான் அடுத்ததிடம் கேட்கும்.

ஒரு கணினி கதவைத் தட்டியதும், வணக்கம் சொல்வதற்கு முன்பே, அந்த முகவரி யாருடையது என்று போஸ்ட்ஃபிக்ஸ் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். உள்ளிருந்து தொட்டால் பெயர் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலேயே இருக்கிறது, அதனால் உடனே வருகிறது. எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்பது என்று எழுதியிருக்கும் ரிசால்வ் கான்ஃப் ஃபைலில் முதல் வரியில் என்ன முகவரி இருக்கிறது?


சிங்கமலை | 28ஆம் திகதி, காலை 10.30

இரண்டு வரி இருக்கின்றன. இரண்டாவது 8.8.8.8, கூகுளின் பொது டிஎன்எஸ். முதலாவது, போன வருடம் வரை வைத்திருந்த பழைய இணைப்பின் டிஎன்எஸ். இணைப்பை மாற்றியபோது ரவுட்டரில் மட்டும் மாற்றினோம், சர்வரைத் தொடவில்லை. இப்போது டிக் கட்டளை போட்டு அந்த முகவரியிடம் கேட்டால் பதிலே இல்லை.


தூவானம் | 28ஆம் திகதி, காலை 10.45

அப்படியென்றால் ஒரு பாதி கிடைத்துவிட்டது. ஒரு மெயில் போவதற்குள் அனுப்புகிறவரின் டொமைன், பெறுகிறவரின் டொமைன் என்று மூன்று நாலு கேள்விகள் கேட்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 5 நொடி சேர்த்துப் பாருங்கள்.


சிங்கமலை | 28ஆம் திகதி, பகல் 1.10

முதல் வரியை எடுத்துவிட்டேன். போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தேன். டிக் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது. ஆனால் 25ஆம் போர்ட்டைத் தொட்டால் இன்னும் அதே 5 நொடி! என்ன இது?


மூடுபனி | 28ஆம் திகதி, பகல் 2.30

நானுஓயாவில் இருந்து எழுதுகிறேன். இதே இடத்தில் நானும் அரை நாள் மாட்டிக்கொண்டிருக்கிறேன் தம்பி, அதனால் சொல்கிறேன்.

டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸ் தனக்கென்று ஒரு அறைக்குள் பூட்டிக்கொண்டுதான் ஓடும். வெளியே இருக்கும் ரிசால்வ் கான்ஃப் அதன் கண்ணில் படாது. அதன் ஸ்பூல் அடைவுக்குள்ளே (மெயிலை வைக்கும் இடம்) ஒரு குட்டி இடிசி (அமைப்பு ஃபைல்களின் அடைவு) இருக்கும், அதற்குள் ஒரு நகல் இருக்கும், அதைத்தான் படிக்கும். ரீலோட் போதாது. முழுதாக நிறுத்தித் தொடங்கினால்தான் அந்த நகல் புதிதாக எடுக்கப்படும். முதலில் அந்த நகலைத் திறந்து பாருங்கள், பழைய முகவரி அப்படியே இருக்கும்.

அதோடு, 8.8.8.8 ஐ மட்டும் வைத்துக்கொண்டு விடாதீர்கள். குப்பை மெயிலைத் தடுக்க ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைப் பயன்படுத்துகிறீர்களா? பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் அவர்கள் உண்மையான பதில் தருவதில்லை. 127.255.255.254 என்று ஒரு எச்சரிக்கை எண்ணை அனுப்புவார்கள். என்ன பதில் வந்தாலும் பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்படி போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருந்தால், நல்ல மெயில் அத்தனையும் திரும்பிப் போகும். அதே போன்ற சோர்ப்ஸ் பட்டியல் உங்கள் அமைப்பில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது 2024 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது.

சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டுவிடுங்கள், சிறிய வேலைதான். 192.168 இல் தொடங்கும் உள் முகவரிகளைப் பற்றிய கேள்விகளை அது வெளியே அனுப்பாமல் அங்கேயே முடித்துவிடும்.


சிங்கமலை | 28ஆம் திகதி, மாலை 4.20

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. நகலில் பழைய முகவரி. நிறுத்தித் தொடங்கினேன், அன்பவுண்டும் போட்டேன். இப்போது 220 உடனே வருகிறது. சோர்ப்ஸ் வரியும் இருந்தது, எடுத்துவிட்டேன். கணக்குப் பகுதியில் ஒருவர் மெயில் அனுப்பிவிட்டு “போய்விட்டதா?” என்று இரண்டு முறை கேட்டார். இருவருக்கும் மிக்க நன்றி.


சிங்கமலை | 29ஆம் திகதி, காலை 9.40

மன்னிக்கவும், பிரச்சினை இன்னும் முடியவில்லை. 25ஆம் போர்ட் இன்றும் உடனே பதில் சொல்கிறது, அனுப்பு பொத்தானும் சரி. ஆனால் எட்டரைக்குப் பிறகு அனுப்பிய மெயில் பக்கத்து மேசைக்குப் போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இன்பாக்ஸில் ஒரு மெயிலைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.


வயர்க்காரர் | 29ஆம் திகதி, காலை 10.10

நான் பதுளை. வயரைப் பார்த்தீர்களா? எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆபீஸிலிருந்து தொழிற்சாலைக்கு 130 மீட்டர் செப்பு வயரை வெளியே மரத்தோடு கட்டி இழுத்திருந்தார்கள். ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் சித்திரை மாதத்து இடி. நான் போய் முனையைக் கழற்றிப் பார்த்தபோது, எட்டு ஊசிகளில் மூன்று பச்சையாகப் பூத்திருந்தன. பனி உள்ளே இறங்கி, வயரின் வெள்ளை உறைக்குள் தண்ணீர் நின்றிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சுவிட்சில் அந்தப் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பாதி டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) என்று காட்டிக்கொண்டிருந்தது. ஃபைபர் இழுத்த பிறகு தொல்லை இல்லை. கண்ணாடி இழையில் மின்னல் ஏறி வராது.

ஈத்டூல் கட்டளை போட்டு, சர்வரின் நெட்வொர்க் கார்டு 1000, முழு டூப்ளெக்ஸ் என்று காட்டுகிறதா பாருங்கள். ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் 100 முழு என்று போட்டிருந்தால், ஆட்டோ பக்கம் பாதிக்கு இறங்கிவிடும். வேலை செய்வது போலவே இருக்கும், பாரம் ஏறினால் திணறும்.


சிங்கமலை | 29ஆம் திகதி, காலை 10.35

பார்த்தேன் அண்ணா. 1000, முழு டூப்ளெக்ஸ். பிழை எண்ணிக்கை பூச்சியம். சுவிட்சிலும் அப்படியே.


தூவானம் | 29ஆம் திகதி, காலை 11.00

சரி, வயர் நல்லது. இனி ஊகம் வேண்டாம், லாக்கைப் படிப்போம். மெயில் லாக்கில் ஒவ்வொரு மெயிலுக்கும் டிலேஸ் என்று ஒரு பகுதி இருக்கும். சாய்கோடு போட்டு நான்கு எண்கள். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த நான்கு எண்கள் வைத்தியரின் நாடி மாதிரி.

முதல் எண், மெயில் சர்வருக்குள் வந்து க்யூ மேலாளரின் (வரிசையை நடத்தும் பகுதி) கைக்குப் போகும் வரை ஆன நேரம். இரண்டாவது, க்யூ மேலாளரிடம் காத்திருந்த நேரம். மூன்றாவது, அடுத்த சர்வரோடு இணைப்பு ஏற்படுத்திய நேரம், டிஎன்எஸ்ஸும் இதற்குள் அடக்கம். நான்காவது, மெயிலை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வரும் வரை ஆன நேரம்.

காலையில் மெதுவாகப் போன ஒரு மெயிலின் வரியைப் போடுங்கள். முகவரிகளை மறைத்துவிடுங்கள்.


சிங்கமலை | 29ஆம் திகதி, காலை 11.25

இன்று 8.52க்குப் போனது: ரிலே 127.0.0.1 (இதே சர்வர்), போர்ட் 10024. டிலேஸ் 1.9/22/0.01/41.

அதே மெயில் அமாவிஸைத் தாண்டி வந்த பிறகு கொழும்புக்குப் போன வரி: 1.2/0.03/0.8/1.6.


தூவானம் | 29ஆம் திகதி, காலை 11.40

பாருங்கள், கொழும்புக்குப் போக 4 நொடி கூட இல்லை. உங்கள் இன்டர்நெட் குற்றவாளி இல்லை. நேரமெல்லாம் வீட்டுக்குள்ளேயே போகிறது. 10024 என்பது அமாவிஸ். அதனிடம் ஒப்படைக்க 41 நொடி. அது திணறுவதால் பின்னால் வந்த மெயில்கள் வரிசையில் 22 நொடி நிற்கின்றன.

அமாவிஸ் மெதுவாக இருக்க மூன்று காரணங்கள் இருக்கலாம்: மெமரி போதாமல் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்துவது (ஸ்வாப்), சிபியு, அல்லது டிஸ்க். கிளாம்ஏவி மட்டுமே 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். சர்வரின் வேலையைக் காட்டும் டாப், டிஸ்க்கின் வேலையைக் காட்டும் ஐயோஸ்டாட் இரண்டையும் நாளைக் காலை எட்டரைக்கு ஓடவிட்டுப் பாருங்கள்.


சிங்கமலை | 30ஆம் திகதி, காலை 9.05

மெமரியில் 7 ஜிபி சும்மா இருக்கிறது. ஸ்வாப் தொடவில்லை. சிபியு வேலை 10 சதவீதம் கூட இல்லை, ஆனால் டாப்பில் டபிள்யூஏ என்ற எண் (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் சதவீதம்) 60, 65 என்று நிற்கிறது. ஐயோஸ்டாட்டில் எழுதுவதற்கான காத்திருப்பு 240 மில்லிசெகண்ட். டிஸ்க் பயன்பாடு 99 சதவீதம். டிஸ்க்கில் பழுது ஏதும் இருக்கிறதா என்று ஸ்மார்ட் அறிக்கையும் எடுத்தேன், நான்கிலும் கெட்ட செக்டார் இல்லை.


மூடுபனி | 30ஆம் திகதி, காலை 9.30

தம்பி, டிஸ்க்குகளை நடத்தும் ரெய்டு கார்டில் பேட்டரி இருக்கிறதா? அதன் நிலை என்ன? கார்டோடு வந்த கட்டளை மூலம் எழுதும் முறை என்னவென்று பாருங்கள். ரைட் பேக்கா (கார்டின் மெமரியில் வாங்கிவிட்டுப் பிறகு எழுதுவது), ரைட் த்ரூவா (நேராக டிஸ்க்கில் எழுதுவது)?


சிங்கமலை | 30ஆம் திகதி, காலை 10.15

அக்கா! “வழக்கமான முறை: ரைட் பேக். இப்போதைய முறை: ரைட் த்ரூ.” பேட்டரி நிலை: பழுது, மாற்ற வேண்டும். இதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.


மூடுபனி | 30ஆம் திகதி, காலை 11.00

அதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

மெயில் சர்வர் பெரிய ஃபைல்களை எழுதுவதில்லை. குட்டிக் குட்டியாக ஆயிரம் ஃபைல் எழுதும். அதோடு, ஒரு மெயிலைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்வதற்கு முன், அது உண்மையாகவே டிஸ்க்கில் பதிந்துவிட்டதா என்று போஸ்ட்ஃபிக்ஸ் உறுதி செய்துகொள்ளும். கரண்ட் போனாலும் மெயில் தொலையக் கூடாது என்பதற்காக. ரெய்டு 5 இல் ஒரு சிறிய எழுத்துக்கு நான்கு வேலை: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியை (ஒரு டிஸ்க் கெட்டால் மீட்டெடுக்க உதவும் கணக்கு) படி, புதிய தரவை எழுது, புதிய பாரிட்டியை எழுது.

ரெய்டு கார்டில் இருக்கும் மெமரி இந்தச் சுமையை மறைத்து வைத்திருந்தது. எழுத வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, “எழுதியாயிற்று” என்று உடனே சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாக டிஸ்க்கில் போடும். கரண்ட் போனால் அந்த மெமரியில் இருப்பதைக் காப்பாற்றத்தான் பேட்டரி. பேட்டரி செத்தால் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு மாறிவிடும். தரவு தொலையாது, வேகம் தொலையும். திரையில் எச்சரிக்கை எதுவும் கண்ணில் படாமலே போகலாம். நம் மலைப் பக்கத்தில் மரம் விழுந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். எங்கள் ஆபீஸ் யூபிஎஸ் பேட்டரிகள் அந்த வருடமே போய்விட்டன.

காலையில் மட்டும் ஏன் என்றால், 38 பேரும் ஒரே நேரத்தில் வந்து அவுட்லுக்கைத் திறக்கிறார்கள். ஒவ்வொரு மெயிலையும் படித்ததாகக் குறிப்பதும் ஒரு எழுத்துதான்.


கொழுந்துக்கூடை | 30ஆம் திகதி, காலை 11.20

பேட்டரி இல்லாமலே ரைட் பேக்கைக் கட்டாயமாகப் போட முடியும் இல்லையா? இப்போதைக்கு அப்படிச் செய்யலாமே.


மூடுபனி | 30ஆம் திகதி, காலை 11.30

வேண்டாம். கரண்ட் போகும் அந்த நொடியில் மெமரியில் இருந்தது எல்லாம் போய்விடும். மெயில் மட்டும் அல்ல, ஃபைல் சிஸ்டமே உடையலாம். இது சம்பளக் கணக்கு போகும் பாதை. பேட்டரி வரும் வரை வேறு வழி இருக்கிறது: அமாவிஸ் மெயிலைப் பிரித்துப் பார்க்கும் தற்காலிக அடைவை மெமரிக்கு மாற்றுங்கள், 2 ஜிபி டிஎம்பிஎஃப்எஸ் (மெமரியில் உருவாக்கும் அடைவு) போதும். கரண்ட் போனாலும் பயம் இல்லை. அமாவிஸ் பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும் வரை மூல மெயில் போஸ்ட்ஃபிக்ஸின் க்யூவில்தான் இருக்கும்.


தூவானம் | 30ஆம் திகதி, மாலை 7.15

மூடுபனி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவுட்லுக்கில் நிமிடத்துக்கு ஒருமுறை மெயில் பார்க்கும்படி யாராவது வைத்திருந்தால் அதை மட்டும் 10 நிமிடமாக்குங்கள். கழிவறைக்கும் சமையலறைக்கும் ஒரே குழாயில் தண்ணீர் போகும் வீடு மாதிரிதான் பேட்டரி வரும் வரை.

கொழுந்துக்கூடைக்கு, கிளவுட் பற்றி: நீங்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆட்கள் இல்லாத ஆபீஸுக்கு அதுதான் நல்லது. ஆனால் ஹட்டனில் மேசைக்கு மேசை போகும் மெயில்தான் அதிகம் என்று நினைக்கிறேன். 20 எம்பி ஃபைல் ஒன்றை மெயிலோடு சேர்த்து அனுப்பும்போது மூன்று பைட் நான்காகி, 27 எம்பி ஆகிவிடும். அதை ஆபீஸுக்குள் 30 பேருக்கு அனுப்பினால், கிளவுடில் இருந்து 800 எம்பிக்கு மேல் மலையேறி வர வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண் சரிந்து ரோடும் லைனும் போன இடங்களை நாம் பார்த்தோம். வெளி இணைப்பு இல்லாத நாளிலும் ஆபீஸுக்குள் ஒருவருக்கொருவர் மெயில் போவது சிறிய விஷயம் இல்லை.


கொழுந்துக்கூடை | 30ஆம் திகதி, இரவு 8.00

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. புயலின்போது எங்களுக்குப் பல நாள் மெயிலே இல்லை, தொலைபேசியும் இல்லை. அதே நேரம், சர்வர் இருந்த கட்டடமே சரிந்திருந்தால் பழைய மெயிலும் போயிருக்கும். உள்ளே சர்வர் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியையாவது மலைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. சிங்கமலைத் தம்பி, உங்கள் பேக்அப் எங்கே போகிறது?


சிங்கமலை | 1ஆம் திகதி, காலை 10.00

அதே அறையில் இன்னொரு டிஸ்க்குக்கு. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. இரவு 11 மணிக்குக் கொழும்பு ஆபீஸுக்கு மறையாக்கம் செய்த பிரதி போகும்படி நேற்றே அமைத்துவிட்டேன்.

டிஎம்பிஎஃப்எஸ் மாற்றம் செய்தேன். இன்று காலை அமாவிஸ் 41 இலிருந்து 14 நொடிக்கு இறங்கியது. பேட்டரி கொழும்பில் இருக்கிறது, பஸ்ஸில் அனுப்புகிறார்கள்.


சிங்கமலை | 6ஆம் திகதி, மாலை 5.50

ஞாயிறு அன்று பேட்டரி மாற்றினேன். பழையதைக் கழற்றியபோது பக்கவாட்டில் விரலால் தொட்டாலே தெரிந்தது, நடுவில் வீங்கியிருந்தது. ஸ்டிக்கரில் இருந்த வருடம் 2018. புதியது முழுதாகச் சார்ஜ் ஏறும் வரை ரைட் த்ரூ என்றே காட்டியது. இரவு எட்டு மணிக்குத் தானாக ரைட் பேக்குக்கு மாறியது. நான் அந்த நேரம் வரை அறையை விட்டுப் போகவில்லை.

இன்று காலை 8.50க்கு எழுதும் காத்திருப்பு 3 மில்லிசெகண்ட். பேட்டரி நிலை மாறினால் எனக்கு உடனே தெரியும்படி ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வர வைத்திருக்கிறேன்.


வயர்க்காரர் | 6ஆம் திகதி, மாலை 6.30

நல்லது தம்பி. 9ஆம் திகதி எப்படிப் போனது என்று கட்டாயம் எழுதுங்கள்.


சிங்கமலை | 9ஆம் திகதி, இரவு 7.10

மஸ்கெலியாவிலிருந்து கடைசிச் செக்ரோல் 4.35க்கு வந்தது. எல்லாத் தோட்டமும் முடிந்தது. அந்த மெயில் 11 எம்பி, லாக்கில் இப்படி இருக்கிறது: டிலேஸ் 3.1/0.01/0.01/2.4. முதல் 3.1 தோட்டத்து இன்டர்நெட்டின் வேகம், அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. சம்பளப் பட்டியல் 6 மணிக்கு அச்சாகிவிட்டது. அன்று பென்டிரைவோடு வந்த கிளார்க்கர் இன்று போன் எடுத்து, “வந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டார்.